மூச்சு முட்டிய தரை

“பழைய தரையை ஒடைச்சிட்டே போட்டுருவோம்ங்க.”

“ஒடைச்சா வீடு பூராம் புழுதி சத்யா. அது மேலயே ஒட்டிரலாம். ரெண்டே நாள் வேலை.”

நான்கு வருடத்துக்கு முன்னால் திண்டுக்கல் டைல்ஸ் கடையொன்றில் சத்யபிரியாவும் அவள் கணவன் பிரபுவும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பாலகிருஷ்ணாபுரத்து வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரைமேல் தந்த நிற டைல்ஸ் ஏறியது. இந்தப் பேச்சு ஒரு வம்சத்தையே நிறுத்திவைக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல ஒருவர் வர வேண்டியிருந்தது. வந்தார். பெயர் பெருமாள்சாமி. அவரே வைத்துக்கொண்டு ஊரைச் சொல்லவைத்த பெயர், தரைச் சித்தர்.

கையில் வெள்ளிப் பூண் போட்ட கம்பு. வீட்டுக்குள் நுழைந்து டைல்ஸைத் தட்டுவார். ‘டிக்’ என்றால் நல்ல தரை. ‘டொக்’ என்றால் அடியில் பழைய தரை மூச்சு முட்டிக் கிடக்கிறது, அதில் நடந்த முன்னோர்கள் புலம்புகிறார்கள். அந்த டைல்ஸைப் பெயர்த்து, செப்புத் தகடு வைத்து, சீடர்கள் மறுபடி பதிப்பார்கள். பிறகு தட்டினால் ‘டிக்’. முன்னோர்கள் சாந்தியடைந்துவிட்டார்கள்.

எரியோட்டில் ஒரு தெருவே சாந்தியடைந்தது. நத்தத்தில் வரிசையில் நின்று அடைந்தார்கள். கல்யாணம் தள்ளிப்போகிறதா, மாடு பாலைக் குறைத்துவிட்டதா, பையன் கணக்கில் ஃபெயிலா, எல்லாவற்றுக்கும் காரணம் தரைக்கு அடியில்தான். புத்தகத்தைத் திறக்காத பையனை மட்டும் சித்தர் விசாரிக்கவே இல்லை.

பிரபுவின் அம்மா பேச்சாயி அவரை வீட்டுக்கு அழைத்துவந்தாள். மகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். பேரப்பிள்ளை இல்லை. சித்தர் கூடத்தின் நடுவில் தட்டினார். டொக்.

“தாயி, ஒம் மாமனார் நடந்த தரைதான இது? பெரியவருக்கு மூச்சு விட முடியல. அவரு மூச்சு விட்டாத்தான் இந்த வீட்டுல புள்ளச் சத்தம் கேக்கும்.”

பேச்சாயிக்குக் கண் கலங்கியது. மாமனார் உயிரோடு இருந்தபோது அவருக்காக அவள் இப்படிக் கலங்கியதாகத் தகவல் இல்லை.

“டைல்ஸ் வேணும்னு கேட்டது ஆரு?”

“இந்தா நிக்கிறாளே, எம் மருமக.”

“அப்ப வெள்ளிக்கெழமை தகடு வச்ச பொறகு தொண்ணூறு நாளு இந்தப் பொண்ணு இங்க மிதிக்கக் கூடாது. சேவுகம்பட்டியில பொறந்த வீட்டுலயே இருக்கட்டும். அதுக்கும் சரியாகலைன்னா வேற வழி பாத்துக்கிருவோம்.”

வேற வழி என்றால் என்னவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். சத்யபிரியா பிரபுவைப் பார்த்தாள். பிரபு சுற்றாத ஃபேனைப் பார்த்தான்.

சத்யபிரியாவுக்கு நூல் மில்லில் தரச் சோதனை வேலை. எந்த மிஷினில் ஓடிய நூல் என்று தெரியாமலேயே இழுத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் அவளை நேரே ஆண்டனிராஜிடம் கொண்டுபோய் நிறுத்தியது. கூடத்துக்கு டைல்ஸ் ஒட்டிய கொத்தனார் அவர்தான்.

“ஏன்ணே நம்ம கூடத்துல டொக்குன்னு கேக்குது?”

அவர் தலையைச் சொறிந்தார். “திட்டாத தங்கச்சி. பொங்கலுக்குள்ள முடிக்கணும்னு ஒன் வீட்டுக்காரரு நெருக்குனாரு. பேஸ்ட்ட முழுசா இழுவாம, நாலு மூலைக்கும் நடுவுலயும் உருண்டை உருண்டையா வச்சு அமுக்கிட்டேன். மத்த எடத்துல வெறுங்காத்து. அதான் டொக்கு.”

“அப்பச் சித்தர் தகடு வச்சா மட்டும் அந்தச் சத்தம் எப்பிடி நிக்கிது?”

“அவரு ஆளுக முழுசா சிமெண்ட்டப் போட்டுல்ல பதிக்கிறாங்ய. நான் செஞ்சிருக்க வேண்டிய வேலை. நல்ல கொத்தனாருக.”

“எனக்கு ஒரு பலகை வேணும்ணே.”

வெள்ளிக்கிழமை. தெருவே கூடத்தில் நின்றது. ஆண்டனிராஜ் இரண்டு ஸ்டூல் போட்டு, மேலே ஒரு பலகையை வைத்தார். பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டைல்ஸ்.

“சாமி,” என்றாள் சத்யபிரியா. “எரியோட்டுச் சின்னம்மா வீட்டுல நீங்க வச்ச தகடுல ஒண்ணை வாங்கியாந்து இதுல ஒரு டைல்ஸுக்கு அடியில வச்சிருக்கு. எதுன்னு தட்டிச் சொல்லிட்டீங்கன்னா இப்பவே சேவுகம்பட்டிக்கு பஸ் ஏறிர்றேன்.”

சித்தர் சிரித்தார். முதல் டைல்ஸைத் தட்டினார். டொக். அடுத்ததைத் தட்டினார். டிக்.

“ரெண்டாவதுலதான் எந்தகடு பேசுது. மொதல்ல உள்ளதுல பெரியவரு மூச்சு முட்டிக் கெடக்காரு.”

பெரியவர் எப்போது ஸ்டூல்மேல் ஏறினார் என்று கூட்டம் கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஆண்டனிராஜ் உளியை வைத்து இரண்டாவது டைல்ஸைப் பெயர்த்தார். முழுக்கச் சிமெண்ட். தகடு இல்லை. முதலாவதைப் பெயர்த்தார். ஐந்து உருண்டை, அவற்றின் இடைவெளியில் சித்தரின் முத்திரை குத்திய செப்புத் தகடு.

“மரப்பலகையில தகடு வேலை செய்யாது,” என்றார் சித்தர்.

“வேலை செய்யாதுன்னா ரெண்டாவதுல பேசுனது ஆரு?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ஆரிபா.

அதற்குள் ஆண்டனிராஜ் கூடத்தின் நடு டைல்ஸையும் நெம்பித் தூக்கிவிட்டார். அங்கேயும் அதே ஐந்து உருண்டை. “பெரியவருமில்ல, பேயுமில்ல. இது நான் செஞ்ச அரைகொறை வேலை,” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தக் கூடத்தில் அன்றைக்கு ஒருவர் சொன்ன முதல் உண்மை அது, சொன்னவர் காவி கட்டியவர் இல்லை.

சீடர்கள் பைக்கை உதைத்தார்கள். சித்தர் செருப்பை மறந்துவிட்டு ஏறினார். கூட்டத்தில் இரண்டு பேர் பின்னாலேயே ஓடினார்கள், சுவருக்கும் பரிகாரம் உண்டா என்று கேட்க.

தெரு கலைந்தது. பேச்சாயி பெயர்ந்து கிடந்த டைல்ஸைப் பார்த்தாள்.

“அப்பக் குத்தம் எங்கதான்டா அப்பு இருக்கு?”

கேட்டது மகனை. பார்த்தது மருமகளை. ஆறு வருடப் பழக்கம்.

சத்யபிரியாவின் பீரோவில் ஒரு ஃபைல் இருந்தது. ஸ்கேன், ரத்தம், ஊசி, மறுபடி ஸ்கேன். எல்லாவற்றிலும் குறை ஏதுமில்லை என்றே எழுதியிருந்தது. டாக்டர் ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு வரி எழுதி அனுப்புவார். அதை அவள் வீட்டில் வாசித்துக் காட்டியதில்லை. பிரபு நல்லவன். மல்லிகை விலை எவ்வளவு ஏறினாலும் அவளுக்கென்று இரண்டு முழம் எடுத்துவருகிறவன். அவன் முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அதனால் ஊசிகளைத் தாங்கிக்கொண்டாள்.

பிள்ளை வேண்டிக் கல்லைத் தட்டுகிறோம், தகட்டைப் புதைக்கிறோம், பெண்ணைப் பஸ் ஏற்றுகிறோம். கேட்க வேண்டியவரிடம் கேட்டுப் பார்க்க மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை. யோசிப்பதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை என்பதை யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

பிரபு குனிந்து சிமெண்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். சத்யபிரியா அவன் எதிரே உட்கார்ந்தாள். மாமியார் கேட்கும்படியாகவே சொன்னாள்.

“என்னங்க, ஆறு வருசமா என்னையச் சோதிச்சாச்சு. இப்பத் தரையையும் சோதிச்சாச்சு. நாளைக்கு நீங்க ஒருவாட்டி டெஸ்ட்டுக்கு வாங்க.”