நகராத காரின் விலை

"ஆயிரத்து இருநூறு தாலா," என்றான் மெக்கானிக் யோசெஃபோ, பானட்டை மூடியபடி.

ஊர்த் தலைவர்களில் ஒருவரான ஃபொனோத்தியின் முதுகு எப்போதுமே நேராகத்தான் இருக்கும். இப்போது இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தது.

"இது கார். கோழிக்கூண்டு இல்ல."

"கோழிக்கூண்டுன்னா கோழியும் சேத்துத் தருவாங்க ஐயா."

"எவ்வளவு ஓடியிருக்குன்னு பாத்தியா? இருபத்தோராயிரத்து நானூத்தி ஆறு மைல். முப்பது வருஷத்துக்கும் சேத்து!"

"பாத்தேன். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னும் பாத்தேன். இந்த ஊர்ல அதை யாரு வாங்குவா? போன வாரம் மத்தாயோ வீட்டுப் பன்னி ஆயிரத்து ஐந்நூறுக்குப் போச்சு. அதுக்கு ஸ்டியரிங்கே கெடையாது. அப்புறம், மைல் மீட்டருக்குப் போற கம்பி வேற கழண்டு தொங்குது."

"எலி," என்றாள் வாசலில் நின்ற மனைவி மசினா, யாரும் கேட்காமலேயே.

விலை குறைந்தது மட்டும் என்றால் ஃபொனோத்தி பொறுத்துக்கொண்டிருப்பார். போன ஞாயிறு ஆராதனையில், தேவாலயத்தின் புதுக் கூரைக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயரும் தொகையுமாக வாசித்தார்கள். வாசிப்பது எங்கள் வழக்கம். கொடுப்பது ஆண்டவருக்குத் தெரிந்தால் போதாது, அடுத்த வீட்டுக்கும் தெரிய வேண்டும்.

"மத்தாயோ குடும்பம், ஐயாயிரம் தாலா."

அதைக் கேட்டு ஃபொனோத்தி எழுந்து நின்றார். தம் கார் என்ன விலைக்குப் போகிறதோ அத்தனையும் கூரைக்கே என்று அறிவித்தார். பாடகர் குழுவில் மூன்று பெண்கள் பாட்டுப் புத்தகத்தை நழுவவிட்டார்கள். அவ்வளவு பிரமிப்பு.

வரும் ஞாயிறு அந்தத் தொகையை வாசிப்பார்கள். அது ஐயாயிரத்துக்குக் கீழே இருந்தால், நான்கு தலைமுறையாக மத்தாயோ குடும்பத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்த குடும்பம் எந்த முகத்தோடு அங்கே போய் உட்காரும்?

காரும் லேசுப்பட்டதல்ல. அவருடைய அப்பா பக்கத்துத் தீவின் பாகோ பாகோ துறைமுகத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. நீல நிறம், நான்கு கதவு, இடப்பக்க ஸ்டியரிங். பதினான்கு வருடங்களுக்கு முன், வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த நாட்டை அரசாங்கம் ஒரே காலையில் இடப்பக்கத்துக்கு மாற்றியது. அன்றைக்கே ஃபொனோத்தி காரைக் கொட்டகையில் நிறுத்தினார். சாவியை ஆணியில் மாட்டினார். "ரோடு தன் பக்கத்துக்குத் திரும்புற வரைக்கும் இது நகராது," என்றார். குடும்பப் பைபிளின் அட்டைக்குள், பிறப்பு, திருமணம், இறப்பு என்று எழுதியிருந்த வரிகளுக்குக் கீழே, 21,406 என்று எழுதிவைத்தார்.

சனிக்கிழமைதோறும் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, எண்ணைச் சரிபார்ப்பார். இத்தனை வருடத்தில் ஒரு மைல்கூடக் கூடவில்லை. பெட்ரோல்தான் நின்ற இடத்திலேயே குறைந்துகொண்டு வந்தது.

"வெயில்ல ஆவியாயிடுதுங்க," என்பாள் மசினா.

வியாழக்கிழமைகளில் நில வழக்குக்காக அவர் தலைநகர் ஆப்பியாவுக்குப் பஸ்ஸில் போவார். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தப்பான பக்கம் ஓடும் சாலையை அவர் பார்ப்பதில்லை. அதுவும் சபதத்தில் அடக்கம்.

மெக்கானிக்குக்குத் தராதரம் தெரியவில்லை என்று, போதகரின் மனைவி எலிசா அம்மாளை அழைத்துவந்தார். அந்த அம்மாளின் தம்பிக்கு நகரத்தில் கார் வியாபாரம். எலிசா அம்மாள் நல்ல பருமன். ஓட்டுநர் இருக்கையில் ஏறியதும் அவர் கை தானாக அடியில் போய் நெம்புகோலை இழுக்க, இருக்கை சர்ரென்று பின்னால் போயிற்று.

"எழுநூறு, ஐயா."

"யோசெஃபோவே ஆயிரத்து இருநூறு சொன்னானே!"

"அவன் உங்க மூஞ்சிக்காகச் சொல்லியிருப்பான். விக்காதீங்க. அப்பா நெனவா வச்சுக்குங்க."

"சபையில சொல்லிட்டேனேம்மா."

"சொல்லிட்டீங்க," என்றார் எலிசா அம்மாள், சாவு வீட்டில் பேசுவது போல.

இனி உள்ளூர் உதவாது. பாகோ பாகோவில் இன்றைக்கும் வண்டிகள் வலப்பக்கம்தான். அங்கிருந்த தூரத்துச் சொந்தக்காரன் லஃபாயேலேயைப் போனில் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அவன் வந்து இறங்கினான். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து விசிலடித்தான்.

"மாமா, இந்த மைலுக்கு எட்டாயிரம் தாலா தரலாம்!"

"மசினா, கேட்டியா?"

மசினா தூணில் சாய்ந்தாள். சந்தோஷம் சிலரை அப்படித்தான் ஆக்கும்.

லஃபாயேலே உள்ளே குனிந்தான். குனிந்தவன் நிமிரக் கொஞ்ச நேரமாயிற்று.

"பிரேக் பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருக்கே மாமா. இருபத்தோராயிரம் மைலுக்கு இப்படித் தேயாதே."

"என் குடும்பம் பொய் சொல்லுதுங்கிறியா?"

"நான் சொல்லல. பெடல் சொல்லுது."

ஃபொனோத்தி பைபிளை எடுத்துவரச் சொன்னார். எங்கள் ஊர் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டார்:

"பதினாலு வருஷத்துல இந்தக் கார் ரோட்டுல போனதை யாராவது பாத்தீங்களா?"

"இல்லவே இல்ல ஐயா!"

நாற்பது குரலும் ஒரே மூச்சில். பாடகர் குழுகூட அப்படிச் சேர்ந்து பாடியதில்லை.

லஃபாயேலே தலையைச் சொறிந்தான்.

"சரி, நம்புறேன். ஆனா அது இன்னும் மோசம் மாமா. பதினாலு வருஷம் நின்ன எடத்துலயே நின்னா உள்ள இருக்குற ரப்பரெல்லாம் வெடிச்சிருக்கும், துரு தின்னிருக்கும். கப்பல் கூலிக்கே கட்டாது. ஐந்நூறு."

"ஓடியிருந்தா?"

"ஓடியிருந்தா, நல்லாப் பாத்துக்கிட்ட வண்டி. மைல் கணக்கு பொய்யாவே இருக்கட்டும், ஆறாயிரம் தருவேன். நீங்களே சொல்லுங்க. ஓடுச்சா, ஓடலையா?"

பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். யோசெஃபோ காரணமில்லாமல் கையைத் துடைத்துக்கொண்டான்.

ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் ஆறாயிரம். மத்தாயோ கீழே, ஃபொனோத்தி மேலே. அவர் பைபிளின் அட்டையைத் திறந்து, அப்பா இறந்த தேதிக்குக் கீழே தம் கையெழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

"ஓடல," என்றார்.

"அப்ப ஐந்நூறுதான் மாமா. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். யோசிச்சுச் சொல்லுங்க."

அன்றிரவு ஃபொனோத்தி சாப்பிடவில்லை. ஐந்நூறு என்று வாசிக்கும் குரலும், மத்தாயோவின் இருமலும் அவருக்கு இப்போதே கேட்டன.

சனிக்கிழமை காலையில் எலிசா அம்மாள் மாதர் குழுவோடு வந்து, கையில் ஒரு கனத்த உறையோடு பாயில் உட்கார்ந்தார்.

"காரை நாங்க வாங்கிக்கிறோம் ஐயா. ஐயாயிரத்து ஐந்நூறு."

"எழுநூறுன்னு சொன்னது நீங்கதானேம்மா?"

"அது கார் வெல. இது உங்க வாக்குக்கு வெல. நாப்பது பேர் முன்னால ஆறாயிரத்தத் தூக்கி எறிஞ்சீங்களே, அத நாங்க பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா?"

ஃபொனோத்தி உறையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் எலிசா அம்மாள். "கார் இந்தக் கொட்டகையிலேயே நிக்கணும். சாவி அந்த ஆணியிலேயே தொங்கணும்."

"ஏம்மா?"

"உங்க வீட்டுல நிக்கிறதுதான் அதுக்கு மதிப்பு."

அதற்கு மேல் கேட்க ஒரு தலைவருக்கு என்ன இருக்கிறது? மரியாதை தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள் என்று மசினாவிடம் சொன்னார். மசினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லஃபாயேலே வெறுங்கையோடு விமானம் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்கள்: "ஃபொனோத்தி குடும்பம், ஐயாயிரத்து ஐந்நூறு தாலா." மத்தாயோ விசிறியை எடுத்து வேகவேகமாக வீசிக்கொண்டார். இவ்வளவுக்கும் அன்று நல்ல காற்று. முன்வரிசையில் ஒரு முதுகு பனைமரம் போல நிமிர்ந்திருந்தது.

வியாழக்கிழமை, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு ஃபொனோத்தி பஸ் ஏறி, ஓட்டுநர் பீட்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பீட்டா வேறு ஊர்க்காரன்.

"காரை வித்துட்டீங்களாமே ஐயா? இனிமே ரோட்டுல அதைப் பாக்க முடியாதா?"

"வித்தாச்சு. ஆனா வீட்டுலதான் நிக்கும். முந்தி எப்படி இருந்துச்சோ, இனிமேலும் அப்படியேதான் இருக்கும்."

சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

பீட்டா பின்கண்ணாடியைப் பார்த்தான். பஸ்ஸை மெல்ல ஓரம் கட்டினான்.

"நல்லதாப் போச்சு ஐயா! உங்க வீட்டம்மா போதகரம்மாவையும் இன்னும் மூணு பேரையும் ஏத்திக்கிட்டு பிங்கோ சூதாட்டத்துக்கு என்னை முந்திக்கிட்டுப் போறதப் பாக்கலைன்னா, பதினாலு வருஷமா எனக்கு வியாழக்கிழமையே விடிஞ்சதில்ல."