நேர் இணைப்பு முட்டை

முட்டை உருளக்கூடிய பொருள். அது தன் இஷ்டத்துக்கு உருளக் கூடாது என்ற உயரிய நோக்கத்தோடு நாமக்கல்லில் முட்டை நகர்வு ஒழுங்குமுறை வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. பண்ணையிலிருந்து முட்டை லாரி ஏறுவதற்கு முன்னால் வாரியம் அதற்கு நகர்வுச் சான்று தர வேண்டும். வாழப்பாடிப் பக்கத்துப் பண்ணைகளின் வசதிக்காக அங்கே ஒரு கிளை இருந்தது. கிளை விவரம் சொல்லும், தலைமை சான்று தரும். இதெல்லாம் போனிலேயே நடந்து வந்தது. போனில் பேசினால் வேலை உடனே முடிந்துவிடுகிறது, முடிந்ததற்கு ஆதாரமும் இருப்பதில்லை என்று ஆய்வுக் குழு குறை கூறவே, இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே ‘நேர் இணைப்பு’ அமைக்க உத்தரவாயிற்று.

நேர் இணைப்பு என்றால் இந்த முனையில் ஒரு பெட்டி, அந்த முனையில் ஒரு பெட்டி, இரண்டுக்கும் ஒரு கம்பி. நடுவில் யாரும் கிடையாது. நடுவில் யாரும் இல்லாமல் ஒரு வேலை எப்படி நடக்கும் என்று வாரியத்தில் பலருக்குக் கவலையாக இருந்தது.

பெட்டிகளை அமைக்கச் சேலத்திலிருந்து தீபிகா என்ற ஒப்பந்தப் பொறியாளர் வந்தாள். மண்டல மேலாளர் அங்கமுத்துவின் முன்னால் உட்கார்ந்து விளக்கினாள்.

“சார், ரெண்டு பெட்டியிலயும் பின்னாடி ஓயாம ஒரு புரோகிராம் ஓடும். டீமன்னு பேரு. அதுதான் எதிர்முனையோட பேசி லைனை எடுக்கும்.”

“டீமன்னா என்னங்க அம்மிணி?”

“பூதம் மாதிரி சார். கண்ணுக்குத் தெரியாம வேலை பார்க்கும்.”

“கண்ணுக்குத் தெரியாம இருக்கறதுல தப்பில்லைங்க. நம்ம ஆளுக பாதிப் பேரு அப்படித்தான். ஆனா பூதத்தை எந்தப் பதவியில எடுக்கறது?”

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ‘பின்னணிப் பணியாளர் (தற்காலிகம்)’ என்று கோப்பில் குறிக்கப்பட்டது.

அடுத்து, அந்தப் பணியாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பங்களை, அதாவது பெட்டியில் போட வேண்டிய ஆப்ஷன்களை, எழுதித் தர வேண்டும். யார் யாருக்குத் தன் அடையாளத்தைக் காட்டுவது என்பது முதல் கேள்வி.

“கிளைதான் காட்டோணும். தலைமை போயி நான்தான் தலைமைன்னு காட்டினா அப்பறம் அது தலைமைங்களா?” என்றார் அங்கமுத்து.

தீபிகா பஸ் ஏறி வாழப்பாடிக்குப் போனாள். கிளை அதிகாரி காளிதாஸ் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“யார் யாரோ நாமக்கல்லேருந்து பேசறேன்னு சொல்றாங்க. முதல்ல அவங்க யாருன்னு காட்டட்டும்மா. நாங்க எங்க போயிடப் போறோம்?”

இரண்டு பேரும் எழுத்து மூலம் உத்தரவிட்டார்கள். தீபிகா இரண்டையும் அப்படியே நிறைவேற்றினாள். லைன் எழும்பியது. நீ யார் என்று இது கேட்டது. நீ யார் என்று அது கேட்டது. இரண்டும் பதில் சொல்லாமல் துண்டித்துக்கொண்டன. பிறகு மறுபடி கூப்பிட்டன. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தும் அணைந்தும் கண்ணடித்தது. ‘இணைப்பு தீவிர முயற்சியில் உள்ளது’ என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று.

அறிவுச்செல்விக்குப் பச்சை விளக்கு பற்றி ஒன்றும் தெரியாது. வாழப்பாடியை ஒட்டிக் கோழிப் பண்ணை வைத்திருப்பவள் அவள். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ இருந்தார். குஞ்சு இறக்குவது, தீவனம் போடுவது, ஊசி போடுவது எல்லாம் அவள்தான். நேர் இணைப்பு வந்த நாளிலிருந்து போனில் சான்று கேட்பது ஒழுங்கீனம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அவள் காளிதாஸின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், லாரிக்காரர் பார்த்துப் பார்த்துத் திரும்பிப் போயிட்டார். கொட்டாயில முட்டைய அட்டை மேல அட்டையா அடுக்கி வச்சிருக்கேன். வெயில் கொதிக்குது.”

“இணைப்பு முயற்சியில இருக்கும்மா. அதுவரைக்கும் கோழிகளைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமான்னு பாருங்க.”

“அதுங்களுக்கு உங்க உத்தரவு இன்னும் போய்ச் சேரல சார்.”

தீபிகாவும் அப்போது அங்கே இருந்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. யாரும் யாருக்கும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை என்று ஒரு விருப்பம் உண்டு, அதைப் போட்டுவிடலாமா என்று இரண்டு பக்கமும் கேட்டாள். தான் தோற்கவில்லை என்பது உறுதியானதும் இருவரும் சம்மதித்தார்கள்.

உற்சாகத்தில் அவள் அடுத்த தவறைச் செய்தாள்.

“இனி நம்பர் மட்டும்தான் சார். ரெண்டு முனைக்கும் ஆளுக்கொரு விலாச எண். ஒண்ணு ஒண்ணுல முடியும், இன்னொண்ணு ரெண்டுல முடியும்.”

தலைமை என்றால் ஒன்று என்றார் அங்கமுத்து. வாழப்பாடியில் காளிதாஸ் எழுந்தே நின்றுவிட்டார்.

“நான் அங்கமுத்துவுக்கு சீனியர்மா! வழக்கு கோர்ட்டுல இருக்கு. இன்னைக்கு ரெண்டுன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு அவர் வக்கீல் அதையே எடுத்து நீட்டுவார்.”

“எதிர்முனை சொல்றதை ஏத்துக்கோன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு சார். யாராவது ஒருத்தர் போட்டாப் போதும்.”

அப்படி ஒரு விருப்பம் இருப்பதே அலுவலக ஒழுக்கத்துக்குக் கேடு என்று இருவரும் தனித்தனியாகக் கருத்துத் தெரிவித்தார்கள். ஆகவே இரண்டு பெட்டிகளும் ஒன்றாம் எண்ணையே கேட்டன. இது கோரிக்கை அனுப்ப, அது மறுப்பு அனுப்பியது. அது கோரிக்கை அனுப்ப, இது மறுத்தது. விதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மறுத்து முடிந்ததும் இரண்டும் பேச்சை முடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கின. திரையில் கோரிக்கையும் மறுப்பும் வரிவரியாக ஓடுவதை அங்கமுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூதத்தின் மேல் அவருக்கு முதல் முறையாகப் பாசம் வந்தது.

“புது ஆளு மாதிரியே தெரியலைங்க. நல்ல சர்வீஸ் போட்ட கை.”

“இன்னொண்ணு சார். எதிர்முனை பதிலே சொல்லலைன்னா, எத்தனை தடவை கேட்டுட்டு அது செத்துடுச்சுன்னு முடிவு பண்ணணும்?”

அங்கமுத்துவின் முகம் வெளுத்தது. “பதில் சொல்லலைங்கறதுக்காக ஒரு ஆபீசு செத்துப்போச்சுன்னு சொல்லலாமுங்களா? அப்பறம் எந்த ஆபீசு உசுரோட இருக்கும்?”

கேட்கவே வேண்டாம் என்று எழுதப்பட்டது.

இதற்கிடையே அறிவுச்செல்வியின் கொட்டாயில் முட்டைகள் வெடிக்கத் தொடங்கின. அவள் அழவில்லை. நாறத் தொடங்கிய அட்டைகளை ஒரு மினி லாரியில் ஏற்றினாள். அழுகிய முட்டைக்குச் சான்று வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லாததால் வண்டி தடையில்லாமல் நாமக்கல் வந்து சேர்ந்தது. வாரிய வாசலில் அடுக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“இதுக்கு ஒரு வழி சொல்லுங்க சார். நான் இங்கயே இருக்கேன். எனக்கு இந்த நாத்தம் பழகிடுச்சு.”

அங்கமுத்துவுக்குப் பழகவில்லை. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, அவர் தம் பணிக்காலத்தின் மிகப் பெரிய முடிவை எடுத்தார்.

“வாழப்பாடிப் பொட்டிய இங்க கொண்டாந்து எம்மேசை மேலயே வைங்க அம்மிணி. ரெண்டும் ஒரே அதிகாரிக்குக் கீழ இருந்தா சண்டை எங்கிருந்து வரும்?”

“சார், வாழப்பாடி முனை வாழப்பாடியிலதானே இருக்கணும்?”

“அது வாழப்பாடிப் பொட்டிதானுங்களே. எங்க இருந்தா என்ன?”

காளிதாஸ் ஒரு நிபந்தனையோடு இசைந்தார். எண் இரண்டானாலும், அவர் பெட்டி அரை சாண் உயரப் பலகை மேல் வைக்கப்பட வேண்டும். அப்படியே வைக்கப்பட்டது. லைன் உடனே எழும்பி நிலைத்து நின்றது.

அன்றிலிருந்து நடைமுறை தெளிவாகிவிட்டது. வாழப்பாடி விவரங்கள் பஸ்ஸில் நாமக்கல் வரும். அவற்றை வாழப்பாடிப் பெட்டியில் தட்டச்சு செய்வார்கள். முழ நீளக் கம்பி வழியாக அவை நாமக்கல் பெட்டிக்குப் போகும். சான்று அதே கம்பியில் திரும்பி வந்து, அச்சாகி, பஸ்ஸில் வாழப்பாடி போகும். தகவல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு என்று அளந்து அறியப்பட்டு, வாரியத்துக்குக் கேடயம் வழங்கப்பட்டது. போனில் கேட்டதைவிட ஒரு நாள் தாமதமானாலும் அறிவுச்செல்விக்குச் சான்று கிடைத்தது. கெட்ட முட்டைகளை அவள் குழி வெட்டிப் புதைத்தாள். புது முட்டைகள் சேலத்துக்கு லாரி ஏறின. ஒவ்வொரு அட்டையிலும் நீல நிறத்தில் ‘நேர் இணைப்பு வழி சான்றளிக்கப்பட்டது’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

ஸ்டிக்கர் என்ன சொல்கிறது என்று சேலத்தில் யாருக்கும் புரியவில்லை. அதனால் அது நல்ல முட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் அதையே பரிந்துரைத்தார்கள். முடி கொட்டாது என்றது ஒரு யூடியூப் சேனல். நேர் இணைப்பு ஆம்லெட் என்று ஹோட்டல்களில் தனிப் பலகை தொங்கியது. சாதாரண முட்டை வாங்குகிறவர்கள் அதைப் பையின் அடியில் மறைத்து எடுத்துப் போனார்கள்.

அடுத்த கோடையில் பராமரிப்புக்கு வந்த தீபிகா பெட்டிகளின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். கம்பி இல்லை. காற்றில் அடித்துக்கொண்ட ஜன்னல் கதவை அதைக் கொண்டு கட்டி வைத்திருந்தார்கள். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கவே வேண்டாமென்று எழுதியிருந்ததால், இரண்டு பெட்டிகளும் இணைப்பில் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தன. தட்டச்சர் இந்தத் திரையைப் பார்த்து அந்தப் பெட்டியில் தட்டிக்கொண்டிருந்தார்.

“சார், லைனே இல்லை!”

“மெதுவாப் பேசுங்க அம்மிணி.”

“ஒரு நிமிஷம் சார், மாட்டிடறேன்.”

“மாட்டினா ஜன்னல் அடிச்சுக்குமுங்களே.”

நட்டப்பட்டவளாவது தன் பக்கம் நிற்பாள் என்று தீபிகா வாழப்பாடிக்குப் போனாள். அறிவுச்செல்வி புதிதாக எழுப்பிய இரண்டாவது கொட்டாய்க்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஏணியிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள்.

“ஏன் கண்ணு, இதை வேற யார்கிட்டயும் சொல்லலையே?”

“அக்கா, உங்க முட்டையெல்லாம் அழுகினது இவங்களாலதானே?”

“அது அழுகின முட்டை. இது ஸ்டிக்கர் ஒட்டின முட்டை. லைன் இல்லைன்னு தெரிஞ்சா மறுபடி போன்தான். போன்ல சான்று வாங்கின முட்டைன்னு சொன்னா எவன் வாங்குவான்?”

தீபிகா திரும்பும் வழியில் யோசித்து, அறிக்கையில் இப்படி எழுதினாள்: ‘இணைப்பு துண்டிக்கப்படும் நிலையில் இல்லை.’ அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மட்டும் கொட்டித் தீர்த்தாள். “கம்பியே இல்லம்மா அதுல! கம்பியே இல்லாம சான்று போகுது!”

அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். “கம்பியே இல்லாமயா?” என்றாள், ஆச்சரியத்தோடு. மறுநாள் காலையில் தெரு முழுக்க அந்தச் செய்தி போயிருந்தது.

வார முடிவில் தீபிகா மளிகைக் கடைக்குப் போனபோது கூட்டம் நெருக்கியது. கடைக்காரர் ஒரே அடுக்கிலிருந்து முட்டைகளை எடுத்து இரண்டு விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கு எதும்மா? கம்பி உள்ளதா, கம்பி இல்லாததா?”

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“இல்லாதது,” என்றாள் தீபிகா.