கிணற்றடி மோகினிக்கு ஒரு பலகை

வேலாயுதம் என்ற பெயரை இனி என் வீட்டில் யார் உச்சரித்தாலும் அன்றைக்கு அடுப்பு எரியாது என்று சபதம் போட்டேன். போட்ட பிறகுதான், அடுப்பை எரிப்பவள் என் மனைவி பூவம்மா என்பது ஞாபகம் வந்தது.

சிராங்கூன் சாலையில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை நான் எழுதியது. சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துச் சுண்டி, கோடு போட்ட பிறகுதான் பிரஷ்ஷையே தொடுவேன். நாடகக் கம்பெனி ஜமால் முகம்மதுவுக்கு மட்டும் அது ஆகவில்லை. அவருடைய புது நாடகம் 'கிணற்றடி மோகினி'. நான் எழுதிக் காட்டியதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பேய் நாடகம்லா இது! உங்க எழுத்தைப் பார்த்தா மோகினி குளிச்சி, தலை சீவி, பள்ளிக்கூடம் போற மாதிரி இருக்கு. கரடுமுரடா இருக்கணும். பார்த்தா குலை நடுங்கணும்."

"என் கைக்குக் கோணல் வராது பாய்" என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள் பூவம்மா.

"தஞ்சோங் பகார்ல வேலாயுதம்னு ஒருத்தர் எழுதுறாராமே. அவர் எழுத்தைப் பார்த்து ரிக்‌ஷாக்காரன் வண்டியைப் போட்டுட்டு ஓடிட்டானாம்."

"கூலி கொடுக்காம ஓடினவனைத் துரத்திக்கிட்டுப் போயிருப்பான்."

"மீசையும் நல்லா முறுக்கி வச்சிருப்பாராம்."

"எழுதுறது கையா, மீசையா?"

"ரெண்டும் நல்லா இருந்தா என்னங்க தப்பு?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தச் சபதத்தைப் போட்டேன். பொறாமையா? ஆமாம், பொறாமைதான்! ஜமால் கொடுத்த வேலை போனால் போகட்டும். கட்டின பெண்டாட்டி என் எழுத்தை ஒரு நாளாவது 'நல்லா இருக்கு' என்று சொன்னதுண்டா? எவனோ ஒருத்தன் மீசைக்கு இவ்வளவு பாராட்டா?

மறுநாள் காலை, கறுப்புப் பூசிய வெறும் பலகை ஒன்று எங்கள் கூடத்தில் நின்றது.

"என்ன இது?"

"ஜமால் பாய் அனுப்பினது. வேலாயுதம் இங்கேயே வந்து எழுதப் போறார், நம்ம கூடத்துல வெளிச்சம் நல்லா இருக்காம். அவருக்குக் காப்பி போடப் பால் வாங்கிட்டு வரேன். நீங்க பலகையைத் தொட்டுடாதீங்க."

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து கடுங்காப்பி! அவனுக்குப் பாலா?

அவள் தெருமுனை தாண்டியதுதான் தாமதம். அந்தப் பயல் எழுத அங்குலம் இடம் மிஞ்சக் கூடாது! நூலாவது, கோடாவது! பிரஷ்ஷைத் தேடக்கூடப் பொறுமை இல்லை. விளக்குமாற்றைச் சிவப்புப் பெயின்ட்டில் முக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, 'கிணற்றடி மோகினி' என்று பலகை முழுக்க இழுத்தேன். கொம்புகள் கிழிந்து தொங்கின. சுழியெல்லாம் சிவப்பாக வழிந்தது.

பூவம்மா திரும்பி வந்தாள், கூடவே ஜமாலும். மனிதர் வாசலிலேயே இரண்டடி பின்வாங்கினார்.

"யா அல்லா! இதுதான்யா பேய்!"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "அந்த வேலாயுதம் இனி வர வேணாம்னு சொல்லிடுங்க பாய்."

"எந்த வேலாயுதம்?" என்றார் ஜமால்.

அவர் பலகையோடு போனதும், பூவம்மா என் கையில் பால் காப்பியைக் கொடுத்தாள்.

"உங்களுக்குக் கோபம் வந்தாத்தானே கை கோணுது? அதான் ஒரு வேலாயுதத்தை உண்டாக்கினேன். எழுத்து நல்லா இருக்குங்க."

உருகிப்போனேன். ஆளே இல்லாத மீசைக்கா இத்தனை வயிற்றெரிச்சல்!

"அடுத்த நாடகத்துக்கும் நீங்கதான் எழுதணும்னுட்டார் பாய். அது சோக நாடகமாம். எழுத்தைப் பார்த்தாலே அழுகை வரணுமாம்."

"அப்படி எழுத எனக்கு எங்கேடி வரும்?"

"வரும். எங்கம்மாவைப் பினாங்கிலேர்ந்து வரச் சொல்லிட்டேன்."