நவம்பரில் வரும் மருமகன்

நம் மாவட்டத்தில் நவம்பர் மழையோடு மட்டும் தென்படும் ஓர் உயிரினம் உண்டு. ஈசல் என்று நினைத்துவிடாதீர்கள். ஈசலுக்குச் சிறகு உண்டு. இதற்குக் கார் உண்டு. ஈசல் விளக்கைத் தேடி வரும். இது முதியோர் இல்லத்தைத் தேடி வரும், ஒரு கையில் ஆப்பிள் பையும் மறு கையில் கைப்பேசியுமாக. ‘எல்லாம் நான் பார்த்துக்கிறேன்’ உறவினர் என்று பெயர். அத்தை, சித்தி, பெரியப்பா, சில சமயம் பெற்ற தாய் என்று யாரையாவது இல்லத்தில் சேர்த்த கையோடு, அவர்களுடைய பாஸ்புக், ஏடிஎம் அட்டை, அதன் ரகசிய எண், ஆதார் எல்லாவற்றையும் தன் பீரோவில் சேர்த்துக்கொள்ளும். “உங்களுக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு?” என்பது இதன் கூவல்.

மற்ற பதினொரு மாதமும் எங்கே இருக்கும்? யாருக்கும் தெரியாது. ஆனால் நவம்பரில் வந்தே தீரும். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அந்த மாதம் சான்று அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். ஒருவர் உயிரோடு இருக்க வேண்டுமென்று இத்தனை மனப்பூர்வமாக வேறு யார் வேண்டிக்கொள்வார்கள்?

பொன்னமராவதி கவியரசனை எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கடை முதலாளி. ஊரில் நல்ல பெயர். அவருடைய அத்தை திலகவதி தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை, கணவரும் போய்விட்டார். நான்கு வருடங்களாக அன்னவாசல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இல்லத்துக்குக் கட்டியது போக ஓய்வூதியத்தில் மிஞ்சுவது எங்கே போகிறது என்று கேட்பது நாகரிகமல்ல. கவியரசன் வீட்டில் மாடி எழும்பியிருக்கிறது, அவ்வளவுதான். நன்றி மறந்தவரா அவர்? மாடி முகப்பில் ‘திலகவதி இல்லம்’ என்று கிரானைட்டில் பொறித்து வைத்திருக்கிறார். அத்தைக்கு ஓர் இல்லத்தில் கட்டில்; இன்னோர் இல்லத்தில் பெயர். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

ஒன்று வேண்டியிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்யச் சொல்லி இரண்டு வருடத்துக்கு முந்திய நவம்பரில் கேட்டபோது, “மழை நிக்கட்டும் அத்தை” என்றார். மழை நின்றது, அவரும் வருவது நின்றது. அடுத்த நவம்பரில், “இந்த வயசுல கண்ணுல கத்தி வைக்கிறது நல்லதில்ல அத்தை” என்றார். பெயின்ட் வியாபாரத்தோடு வைத்தியமும் தெரியும். இப்போது தட்டில் இருப்பது இட்லியா சோறா என்று அத்தை தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

இந்த நவம்பரிலும் கவியரசன் வந்தார். கைப்பேசிச் செயலியில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் உயிர் இருப்பது உறுதியாகிவிடும். இரண்டு நிமிட வேலை. நாலு மணிக்குக் கடையில் லோடு இறங்குகிறது.

“இங்கிட்டுப் பாருங்க அத்தை. ஒருதரம் கண்ணச் சிமிட்டுங்க.”

அத்தை சிமிட்டவில்லை. சுவரில் மாட்டிய படம் மாதிரி விழித்தபடி இருந்தார்.

“அத்தை, சிமிட்டுங்க.”

“எதுக்குப்பா?”

“நீங்க உசுரோட இருக்கீங்கன்னு கவர்மெண்டுக்குத் தெரியணும்ல?”

“ஒனக்குத் தெரியுமா? போன நவம்பருக்கு அப்பறம் இன்னைக்குத்தானே வார.”

கட்டிலருகே நின்ற செவிலியர் பிளெஸ்ஸி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

“பேங்குல யாரு போன் நம்பர் இருக்கு மருமவனே?”

“என்னுதுதான் அத்தை. உங்களுக்குத்தான் கண்ணு தெரியலையே, மெசேஜ் வந்தா எப்பிடிப் படிப்பீங்க?”

“அதத்தான் ரெண்டு வருசமா ஆபரேஷன் பண்ணுன்னு சொல்றேன்.”

கவியரசனுக்கு இந்த வாதம் புதிதாக இருந்தது. அத்தை தொடர்ந்தார்:

“நான் கவுண்டர்ல இருக்கப்ப, ஆத்தாளுக்கு வந்த மணியார்டர வாங்க மகன் வந்து நிப்பான். ‘ஆத்தாளுக்கு முடியல, எங்கிட்டக் குடுங்க, நான் பத்திரமாக் குடுத்துருவேன்’ம்பான். ஆளக் கூட்டியா, ஆளு கையிலதான் குடுப்பேன்னு அனுப்பிருவேன். எத்தன பேரு ஏசிட்டுப் போனாங்க தெரியுமா? அப்பிடி இருந்தவ, ஒங்கிட்ட மட்டும் கார்டத் தூக்கிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்.”

“என்ன அத்தை, எம்மேல நம்பிக்கை இல்லாமப் போச்சா?” இந்த இனம் மாட்டிக்கொண்டால் கோபப்படாது, மனம் புண்படும். கவியரசனுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. “உங்க பேரத்தானே வீட்டுக்கே வச்சிருக்கேன்!”

“பேர நீயே வச்சுக்க. கார்டக் குடு.”

“அப்ப பென்ஷன் நின்னுரும், பரவாயில்லையா?” என்றார் கவியரசன், கைப்பேசியைக் கேடயம் போலத் தூக்கிப் பிடித்து.

அப்போதுதான் பிளெஸ்ஸி மெதுவாகச் சொன்னாள்: “நிக்காதுங்க சார். என் போன்லயும் அந்த ஆப் இருக்கு. இந்த மாசம் இங்க பதினாலு பேருக்கு நாந்தான் எடுத்துவிட்டேன்.”

இத்தனை வருடம் தான் சுமந்ததாக நம்பிய பாரம் ஒரு செவிலியரின் சட்டைப்பைக்குள் அடங்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பிளெஸ்ஸி கைப்பேசியை நீட்டினாள். அத்தை சிமிட்டினார். ஒருதரம் போதும், மூன்று தரம் சிமிட்டினார்.

அன்று பிற்பகலே அத்தை பிளெஸ்ஸியின் தோளைப் பிடித்தபடி ஆட்டோவில் வங்கிக்குப் போய், பழைய அட்டையை முடக்கி, கணக்கில் இருந்த போன் எண்ணை மாற்றினார். “என் நம்பரக் குடுத்துரவாம்மா, ஈசியா இருக்கும்” என்றாள் பிளெஸ்ஸி. “வேணாம் தாயி. நாளைக்கு ஒனக்கும் மருமவன் புத்தி வந்துட்டா? என் பட்டன் போன் நம்பரையே எழுது.”

மாதக் கடைசியில் வழக்கமாக ‘டிங்’ என்று சிணுங்கும் கவியரசனின் கைப்பேசி சிணுங்கவில்லை. சாப்பிடும்போது எடுத்துப் பார்த்தார். டவர் இருந்தது. டிசம்பர் கடைசியிலும் பார்த்தார். சரித்திரத்தில் முதல்முறையாக, நவம்பர் அல்லாத ஒரு மாதத்தில் அத்தையை அழைத்தார்.

“எப்பிடி அத்தை இருக்கீங்க?”

“நேத்துத்தான் ஒரு கண்ணுல ஆபரேஷன் முடிஞ்சுச்சு. கட்டுப் போட்டிருக்கு.”

“ஐயோ, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொல்லலாம்னுதான் பாத்தேன். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் கண்ணச் சிமிட்ட முடியாதே, நீ வந்து என்ன பண்ணுவ?”

அத்தை தப்பித்தார். எல்லா அத்தைகளும் தப்புவதில்லை. உயிர்ச் சான்றைவிட வேகமாக இந்த இனம் ஓடி வாங்கும் இன்னொரு சான்றும் உண்டு; அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாக அழுவதும் அதுதான். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

நீங்கள் அப்படி இல்லை. தெரியும். உங்கள் வீட்டுப் பெரியவரின் அட்டையை நீங்கள் வைத்திருப்பது முழுக்க முழுக்க அவர் நன்மைக்காகத்தான். ஆனாலும், கைப்பேசியைக் கொஞ்சம் எடுங்கள். போன மாதக் கடைசிச் செய்திகளைப் பாருங்கள். ‘ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்டது’ என்று ஏதாவது வந்திருக்கிறதா?

உங்களுக்கு இன்னும் ஓய்வு பெறும் வயதாகவில்லையே?