கழுதைக் கதையின் பின்பக்கம்

பிறருக்குப் புத்தகம் சிபாரிசு செய்வதும் வரன் சொல்வதும் ஒன்று. நல்லபடியாக அமைந்தால் நம்மை ஒருவரும் நினைக்க மாட்டார்கள். அமையாவிட்டால் ஆயுசுக்கும் நம் தலைதான் உருளும். இந்த ஞானம் எனக்கு இருபத்திரண்டு வயதில் இல்லை. அப்போது என்னிடம் இருந்ததெல்லாம் பி.ஏ. தமிழும் வாயும்தான்.

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகப் பொறுப்புக்கு என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். நூலகம் என்றால் ஒரு மர பீரோ. அதற்கு ஒரு சாவி. (சாவி இல்லாமலும் திறக்கும்.) உள்ளே இருந்தவை அத்தனையும் நீதிக்கதைகளும் பெரியோர் வரலாறுகளும். நான்காவது, ஐந்தாவது படிக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லையாம்.

பள்ளித் தாளாளர் ஒரு மில் குடும்பத்துப் பெரியவர், பேச்சில் படு சிக்கனம். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசினேன். பத்து வயதுப் பிள்ளைக்கு நாவல் என்றால் அதில் பத்து வயதில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும், ஆபத்து வர வேண்டும், ஒரு பிராணி கூட வர வேண்டும், அப்பா அம்மா கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கக் கூடாது, கடைசிப் பக்கத்தில் புத்திமதி இருக்கவே கூடாது என்று அடுக்கினேன். (இன்றைக்கும் இதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். என் வீழ்ச்சிக்குக் காரணம் கொள்கை இல்லை.)

அவர் கேட்டுவிட்டு, "அடுத்த பெற்றோர் கூட்டத்துல ஒரு பிள்ள ஒரு நாவல முழுசா படிச்சு மேடையில கதை சொல்லட்டும். பொறவு பெர்மனெண்ட் பத்திப் பேசுவோம்" என்றார்.

அந்த பெர்மனெண்ட் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் எனக்கு வரன் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் வேலை. நல்ல மனிதர், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவர் வீட்டார், நிரந்தர வேலை என்றால் பெண் போகட்டும், தற்காலிகம் என்றால் வீட்டோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். "ஏட்டி, டவுன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போற வேல எம்புட்டு நாளைக்கு? ஆர்டர் வந்தா போ. இல்லன்னா சாவியக் குடுத்துட்டு வா" என்றார். அடுப்படியை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

பீரோவில் ஒரு நாவலும் இல்லாததால் வீட்டிலிருந்தே ஒன்றை எடுத்துப் போனேன். அது பைண்டு புத்தகம். வாரப் பத்திரிகையில் தொடர்கதை வந்தால் அம்மா வாராவாரம் அந்தத் தாள்களை மட்டும் வெட்டி எடுத்து அடுக்கி வைப்பாள். கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து அட்டை போட்டுவிடுவாள். மீதிப் பத்திரிகை எடைக்குப் போய்விடும். அப்படிச் சேர்த்ததில் ஒன்று, சின்னான் என்கிற பையனும் அவன் கழுதையும் மலைக் குகையில் திருடர்களிடம் மாட்டிக்கொள்ளும் கதை. பத்து வயதில் அதைச் சோறு தண்ணி இல்லாமல் படித்திருக்கிறேன்.

இங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது. பைண்டு புத்தகத்தில் ஒரு வாரத்துக் கதை ஒரு தாளின் முன்பக்கத்தில் முடியும். அதே தாளின் பின்பக்கத்தில் பத்திரிகைக்காரர் என்ன போட்டாரோ அதுவும் சேர்ந்தே பைண்டாகும். சமையல் குறிப்பு, ராசிபலன், இன்னும் என்னென்னவோ. பைண்டு புத்தகத்தோடு வளர்ந்தவர்கள் அந்தப் பக்கத்தைச் சாக்கடையைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போவோம். அப்படி ஒரு பக்கம் இருந்ததே எனக்கு ஞாபகமில்லை.

ஐந்தாம் வகுப்புத் தங்கத்துக்கு அந்த ஞானம் கிடையாது. பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் தறி ஓட்டுகிறவரின் மகள். நல்ல சூட்டிகை, வெண்கலக் குரல், ஆனால் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. அவளிடம் புத்தகத்தைக் கொடுத்து, "ஒரு எழுத்து விடாம படிக்கணும். நல்ல நாவல்ல தேவையில்லாத வரி ஒண்ணுகூட இருக்காது" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கூட்டத்தன்று ஹால் நிறையப் பெற்றோர். தாளாளருக்கு மேடையில் குஷன் வைத்த நாற்காலி போட்டிருந்தும் அவர் உட்காராமல் தூணோரம் நின்றே கேட்டார். தங்கம் மைக்கைப் பிடித்தாள். சின்னான் மலைக்குப் போனான், குகைக்குள் திருடர்கள் பிடித்துக் கட்டினார்கள் என்று கணீரென்று சொன்னாள். சபை அசையவில்லை. நான் மனதுக்குள் ஆர்டரை வாங்கி அப்பா முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் திருட்டுத் தலைவன் அரைக் கிலோ கத்தரிக்காய நாலா வகுந்து எண்ணெயில வதக்குதான்" என்றாள் தங்கம்.

எனக்குச் சுருக்கென்றது. சபைக்கு ஒன்றும் தோன்றவில்லை. திருடனும் சாப்பிடத்தானே வேண்டும்? ஒரு அம்மா புளி எவ்வளவு என்று பக்கத்தில் விசாரித்தாள். அடுத்ததாக, கன்னி ராசிக்குக் கிழக்குத் திசைப் பயணம் ஆதாயம் தரும் என்பதால் சின்னான் கட்டை அவிழ்த்துக்கொண்டு கிழக்கே ஓடினான். பாவி மகள், ஒரு எழுத்து விடவில்லை. விடாததோடு எல்லாவற்றையும் கதையோடு கோத்தும் வைத்திருந்தாள்.

"ஆனா திருட்டுத் தலைவனால தொரத்த முடியல. அவனுக்கு ஏழு வருசமா மூலம்."

ஹாலில் யாரோ தும்மினார்கள், அல்லது தும்முவதுபோலச் சிரித்தார்கள். தங்கம் நிறுத்துவதாக இல்லை. உட்கார முடியவில்லை, காரம் ஆகவில்லை, வெளியே சொல்லவும் வெட்கம், கட்டிய மனைவிக்கே தெரியாது என்று திருடனின் துயரத்தை உருக்கமாக விவரித்தாள். டாக்டர் பதில் பகுதிக்கு எவரோ எழுதிய கேள்வி அது. தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த இடத்திலேயே பஸ் ஏறிவிட்டேன். அவர் மைக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். தூணோரம் நின்ற தாளாளர் கையை உயர்த்தி, "பிள்ள சொல்லட்டும்" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னாருன்னா, 'வெட்கப்பட வேண்டாம் நண்பரே, இதற்கு ஒரே வழி' அப்படின்னு சொன்னாரு. தொடர்ச்சி அம்பத்திரண்டாம் பக்கம்னு போட்டிருந்துச்சு. அடுத்த பக்கத்துல சின்னான் கழுத மேல ஏறிட்டான்."

கதை முடிந்தது. பெற்றோரின் கைதட்டல் ஓயவில்லை. அதற்குள் தாளாளர் அறைக்கு என்னை வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது.

பீரோ சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன். அவர் கதவைச் சாத்தினார். மேஜை ஓரம் நின்றபடி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில் கேட்டார்.

"அந்த அம்பத்திரண்டாம் பக்கத்துல என்ன போட்டிருந்துச்சு டீச்சர்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நம்ம மில்லுல ஒரு கணக்கப்பிள்ள இருக்காரு. பாவம், ரொம்பச் சிரமப்படுதாரு. அவருக்காகக் கேக்கேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் பக்கம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே எடைக்குப் போய்க் கடலை மடித்திருக்கும். தெரியாது என்று சொன்னால் வேலை போகும். அதைவிட, அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆகவே, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மருத்துவப் பகுதியை நானே எழுதினேன்.

"மதுரைக்குப் போய் நல்ல டாக்டரா பாத்துக் காட்டணும், தள்ளிப் போடக் கூடாது, சரியாக்கிரலாம்னு போட்டிருந்துச்சு சார். கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லுங்க, அதிக நாள் நிக்க வேண்டாம்னு."

அவர் தலையாட்டினார். சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் போலத் தாளாளர் பள்ளிக்கு வரவே இல்லை. வெளியூர் என்றார்கள். நான் தினமும் பஸ்ஸில் எல்லாத் தெய்வங்களையும் கும்பிட்டேன். ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். போனால், குஷன்கூட இல்லாத மரநாற்காலியில், சாய்ந்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பெர்மனெண்ட் ஆர்டரில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"கணக்கப்பிள்ளைக்குச் சொகமாயிருச்சு டீச்சர்."

"ரொம்ப சந்தோசம் சார்" என்றேன். அவ்வளவு மனப்பூர்வமான சந்தோஷத்தை அதற்குப் பிறகு என் கல்யாணத்தில்தான் அனுபவித்தேன்.

பீரோவுக்குப் புது நாவல்கள் வாங்கப் பணமும் ஒதுக்கினார். புத்தகமாகவே அச்சடித்த, பின்பக்கத்திலும் கதையே இருக்கிற ஒழுங்கான நாவல்கள். பிள்ளைகள் முண்டியடித்து எடுத்துப் போனார்கள். திருப்பித் தரும்போது தங்கம் மட்டும், "கதை நல்லாருக்கு டீச்சர், ஆனா இதுல யாருமே சமைக்க மாட்டேங்காங்க" என்று குறைப்பட்டாள்.

சிமெண்டு ஆலைக்காரரைக் கட்டிக்கொண்டு, அதே பீரோவோடு ஓய்வுபெறும்வரை இருந்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ புத்தகம் சொல்லியிருக்கிறேன். வீட்டில்தான் மதிப்பில்லை. ஐந்தாவது படிக்கும் பேரனுக்கு நான் ஒரு நாவலை எடுத்து நீட்டினால் போதும், அடுப்படியிலிருந்து என் மகள் குரல் கொடுப்பாள்:

"கதையெல்லாம் இருக்கட்டும்மா. இது எந்த வியாதிக்கு?"