லெட்டர் சைஸில் ஒரு திருமணம்

தப்பு செய்யும் இயந்திரத்தை மன்னித்துவிடலாம். தப்பைச் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும் இயந்திரத்தை என்னால் மன்னிக்கவே முடியாது.

போன வாரம் மகளின் திருமணப் புத்தகத்தை அடிப்பதற்காகப் புது மடிக்கணினியைத் திறந்தேன். தாளின் அளவு என்ற இடத்தில் ‘லெட்டர்’ என்று இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே திமிர். திண்டுக்கல்லில் எந்தக் கடையில் ஐயா லெட்டர் தாள் விற்கிறது? எங்கே கேட்டாலும் ஏ4தான். அமெரிக்காக்காரன் தன் ஊர்த் தாளின் அளவை நம் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனால், அனுபவிப்பது யார்? என் தங்கை. (சரி, நானும்தான்.)

எங்கள் தெருவில் முதன்முதலில் கணினி வாங்கியவன் நான். கூடவே ஒரு பிரிண்டரும். அதற்குப் பூப்போட்ட உறை. அந்த உறையை நான் கழற்றும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. அப்படியொரு அலட்டல்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை ஜெசிந்தாவுக்கு எரியோட்டிலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. அருள் தங்கமான மனிதர். ஒரே ஒரு பயம்: கத்தோலிக்கச் சாமியாராவதற்குக் குருமடத்தில் சில வருஷம் படித்துவிட்டுப் பாதியில் வந்தவர். ‘திரும்பப் போய்விடுவாரோ’ என்று இரு வீட்டிலும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் நினைத்தார்கள்.

எங்கள் கல்யாணங்களில் பாடல், பைபிள் வாசகம், மணமக்கள் சொல்லும் வாக்குறுதி எல்லாவற்றையும் சிறு புத்தகமாக அடித்து, கோயிலுக்கு வருபவர்கள் கையில் கொடுப்பது வழக்கம். நானே தயாரிக்கிறேன் என்று தட்டச்சு செய்து, ஃபிளாப்பியில் ஏற்றி அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். என் கோப்பை அவர்களுடைய கணினி திறக்க மறுத்தது. அவர்களுடைய மென்பொருள் வேறாம். கடவுள் ஏதோ சொல்ல வருகிறார் என்று அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து, என் பிரிண்டரிலேயே ஒரு பிரதி எடுத்து, ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டேன். திரையில் வரிவரியாகச் சரிபார்த்திருந்தேன். தாளில் பார்க்கவில்லை. திரையில் இருப்பதுதானே தாளில் வரும்?

வராது. நான் ஏ4 தாளின் அடிவரை நிறைத்து வைத்திருந்தேன். பிரிண்டருக்கோ அது லெட்டர் தாள் என்று நினைப்பு. லெட்டர், ஏ4ஐவிட உயரம் குறைவு. அந்த உயரம் வந்ததும் ‘போதும்’ என்று நிறுத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியைத் தின்றுவிட்டது. (ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘பீப்’ என்றாவது.)

கோயிலில் பாடல்களின் கடைசி வரி இல்லாதது யாருக்கும் உறைக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். வாசகம் வாசித்த என் மனைவி அந்தரத்தில் நின்றபோதும், கூட்டம் பழக்கதோஷத்தில் ‘இறைவா உமக்கு நன்றி’ என்று முடித்து வைத்தது.

அடுத்தது வாக்குறுதி. ஜெபம் என்றால் அருள் சொந்தமாக நீட்டிக்கொண்டே போவார். நிச்சயதார்த்தத்தில் அவர் ஜெபித்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. அதனால் முந்தின நாளே நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: புத்தகத்தில் இருப்பதை மட்டும் வாசியுங்கள், ஒரு சொல் கூடக் கூடாது.

இன்பம், துன்பம், உடல்நலம் எல்லாம் தாண்டி “நோயிலும்” என்பதுவரை வாசித்தவர், நின்றார். பக்கம் முடிந்துவிட்டது. திருப்பினார். அங்கே மணமகளின் பங்கு. மறுபடி முந்தின பக்கத்துக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டார்.

முதல் பெஞ்சிலிருந்து அவருடைய அப்பா, “ஏலே அருளு, என்னலே ஆச்சு?” என்றார். என் அம்மா ஜெபமாலையை வெளியே எடுத்தார். பூசை வைத்த சாமியார், குருமடத்தில் அருளுக்குப் பாடம் எடுத்தவர். மிகுந்த கனிவோடு ஒரு படி இறங்கி வந்தார். மைக் திறந்திருந்தது.

“யோசிக்கணுமாப்பா?”

கோயில் முழுக்கக் கேட்டது. நான் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினேன். வாக்களிக்கிறேன் என்ற வரியே இல்லை. எழுந்து சொல்லப் பார்த்தேன்; முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தைத்தான் ஆட்ட முடிந்தது.

“யோசிக்க ஒண்ணுமில்ல சாமி,” என்றாள் ஜெசிந்தா, அதே மைக்கில். பிறகு அருளைப் பார்த்து, “ஏங்க, வாக்களிக்கிறேன்னு சொல்லி முடிங்க. இன்னும் செத்த நேரம் போனா எங்கண்ணன் விழுந்துரும்.”

“வாக்களிக்கிறேன்,” என்றார் அருள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவரிடம் போய், மீதி உங்களுக்குத் தெரியாதா என்று பல்லைக் கடித்தேன். “தெரியும் மச்சான். நீங்கதான ஒரு சொல் கூடக் கூடாதுன்னீங்க,” என்று அப்பளத்தை நொறுக்கினார்.

இன்றும் அருளை மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னால், “நான் ஒத்துக்கிட்டது நோய் வரைக்கும்தான். மிச்சத்த ஒங்கண்ணன் அடிக்கல” என்பார். “மிச்சத்த நான் சொல்லிக்குடுத்தேன்ல, பையை எடுங்க” என்பாள் தங்கை. வீடே சிரிக்கும். நான் சிரிப்பதில்லை.

இரண்டு நாளாக என் மகள் அடுப்படியில் வாக்குறுதியை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். நேற்று நின்று கேட்டேன். அவள் சொல்லிக்கொண்டிருந்தது மாப்பிள்ளையின் பங்கு.

“அது அவரு சொல்றதுல்லம்மா?”

“தெரியும்ப்பா,” என்றாள், திரும்பிப் பார்க்காமல். “புத்தகம் நீங்கதான அடிக்கிறீங்க.”