நிற்கப் பழகிய குட்டி

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கையை நீட்டி, எதிரே நிற்பவரின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிடுகிறவர்கள் உண்டு. நீங்களும் ஒருவரையாவது பார்த்திருப்பீர்கள். இந்த இனத்துக்கு நிமிர்த்துவோர் என்று பெயர். சுவரில் படம் சாய்ந்திருந்தால் இவர்களுக்குச் சோறு இறங்காது. நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம்தானே என்று வீட்டிலும் பல வருஷமாக மன்னித்து வந்தார்கள். பிறகு நாய்க்குட்டி வந்தது.

வளர்க்கவா? இல்லை, போட்டியில் நிறுத்த. நாய்க் கண்காட்சியில் குட்டி எப்படி நிற்க வேண்டும் தெரியுமா? முன்னங்கால்கள் தூண்போல நேராக, பின்னங்கால்கள் சற்றே பின்தள்ளி, முதுகு சமமாக, தலை நிமிர்ந்து, முன்பின் தெரியாத நடுவர் வந்து உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தாலும் நக்காமல், நெளியாமல், மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு! இதற்காகத் தினமும் காலையில் சாப்பாட்டு மேசைமேல் ரப்பர் விரிப்பு விழும். கடைக்காரரின் விரலிடுக்கில் வேகவைத்த ஈரல் துண்டு மணக்கும். நாற்று நடுவதுபோல் ஒவ்வொரு காலாக எடுத்து நட்டு வைப்பார். நான்காவதை நடும்போது முதலாவது நகரும்.

"நில்லு!"

குட்டி நிற்கும். தண்ணீர்ச் செம்போடு அந்தப் பக்கம் போன மனைவியும் நிற்பார்.

"உன்னைச் சொல்லல."

"யாரைச் சொன்னா என்ன? உங்க குரல் கேட்டா எனக்குக் கால் தானா நின்னுடுது."

மகள் சிரித்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். இப்போது வேலை தேடிக்கொண்டிருந்தாள். குட்டி வந்த அன்றே அதற்கு ஒரு சிவப்புப் பந்து வாங்கியிருந்தாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவை மைதானத்துல அவுத்து விடலாம்பா. பாவம், அது ஓடிப் பார்த்ததே இல்ல."

"ஓடினா நிக்கிற பழக்கம் கெட்டுடும். போட்டி முடியட்டும், நானே பந்து வீசுறேன். போதுமா?"

பந்து அலமாரி உச்சிக்குப் போனது.

போட்டியில் குட்டி நின்றது பாருங்கள், அப்படி ஒரு நிற்றல்! பக்கத்துக் குட்டி தன் வாலையே துரத்திக்கொண்டிருக்க, நம்முடையது தபால்தலையில் அச்சடித்ததுபோல் நின்றது. நடுவர் பல்லைப் பார்த்தார். முதுகைத் தடவினார். புருவத்தை உயர்த்தினார்.

"பிரமாதம். இப்போ ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க."

குட்டி நின்றது.

கடைக்காரர் வாரை இழுத்தார். நின்றது. ஈரலைக் காட்டினார். ஈரலைக் கண்டதும் இன்னும் நேராக நின்றது. பாடமே அதுதானே! "ஓடுடா கண்ணு, இப்படி ஓடு" என்று தானே ஓடிக் காட்டினார். மூச்சு வாங்க ஒரு முழுச் சுற்று.

"ஓட்டம் நல்லாத்தான் இருக்கு சார்," என்றார் நடுவர். "ஆனா உங்களுக்குப் பரிசு கொடுக்க விதியில இடமில்லையே."

வீட்டுக்கு வந்ததும் மகள் அலமாரிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அப்பா, போட்டி முடிஞ்சுதே?"

"இது முடிஞ்சுது. அடுத்தது இருக்கே? இனிமே ஓடப் பழக்கணும். ஓட்டம்னா முறையான ஓட்டம். கூடத்துலயே போதும். பந்தெல்லாம் அப்புறம்."

நாற்காலிமேல் ஏறி நின்றவளின் முகத்துக்கு நேரே, அலமாரியை ஒட்டிய சுவரில், அவளுடைய பட்டமளிப்புப் படம் தொங்கியது. அங்கி, தொப்பி, ஒரே மட்டத்தில் இரண்டு தோள்கள், நிமிர்ந்த முகவாய். அந்த முகவாயைத் தூக்கி வைத்தது யார் கை என்று அவளுக்கு நினைவிருந்தது. 'படிப்பு முடியட்டும், கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்று அதே கைக்குச் சொந்தக்காரர் சொன்னதும் நினைவிருந்தது. நானும் நிற்க மட்டும்தான் பழகினேனா? யோசித்துக்கொண்டே இருந்தவள், படம் லேசாகச் சாய்ந்திருப்பதைக் கண்டாள். கை தானாகப் போய் அதை நேராக்கியது.

அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இதைப் படிக்கும்போது கையிலிருக்கும் பக்கத்தின் மடங்கிய மூலையை நீவிவிட்டீர்களே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? உங்கள் வீட்டில் யாரிடம் 'முடியட்டும்' என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

பந்து இன்னும் அலமாரி உச்சியில்தான் இருக்கிறது. கடலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.